காணாத நோயாளியே உரைகல்: மரபணு வெளிப்பாடும் புற்றுநோய் வகைப்பாடும்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான இரண்டு பெண்களை எண்ணிப் பார்ப்போம். இருவருக்கும் வயது ஏறத்தாழ ஒன்று. கட்டியின் அளவும் ஒன்று. நுண்ணோக்கியில் தெரியும் தோற்றமும் ஒன்று. இருவருக்கும் அறுவைச் சிகிச்சை நடைபெறுகிறது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் நலமாக வாழ்கிறார். மற்றவருக்கு நோய் எலும்பிலும் கல்லீரலிலும் பரவிவிட்டது. இவ்விருவரையும் தொடக்கத்திலேயே பிரித்தறிந்திருந்தால், முதலாமவருக்குக் கீமோதெரபியின் துன்பத்தைத் தவிர்த்திருக்கலாம். இரண்டாமவருக்கு வலிமையான சிகிச்சையைக் காலத்தே அளித்திருக்கலாம். நோயை வகைப்படுத்தும் பணிக்குள் இத்தகைய உயிர்ச்சிக்கல் அடங்கியுள்ளது.

நெடுங்காலமாக இவ்வகைப்பாடு நுண்ணோக்கியையும் மருத்துவரின் பயின்ற கண்ணையும் சார்ந்திருந்தது. 1990களில் பல்லாயிரம் மரபணுக்களின் செயற்பாட்டை ஒருசேர அளக்கும் கருவிகள் தோன்றின. அவை தந்த எண்களின் பெருக்கத்தை மனிதர் கண்ணால் படித்து முறைமை காண்பது இயலாத செயல். அப்பணி கணினியிடம் சென்றது. தரவைக் கண்டு கணினி தானே விதியை அமைத்துக்கொள்ளும் முறையை இயந்திரக் கற்றல் என்கிறோம்.

இவ்வுரை மூன்று வினாக்களை எடுத்துக்கொள்கிறது. மரபணு வெளிப்பாடு என்பது யாது? அதனைக் கொண்டு இயந்திரம் நோயாளிகளை எவ்வாறு வகைப்படுத்துகிறது? அவ்வகைப்பாட்டை நாம் எப்போது நம்பலாம்? இவற்றுள் மூன்றாவது வினாவே முதன்மையானது. மொழியியலாளன் ஒருவன் இப்பொருளில் நுழைவதற்கும் அவ்வினாவே வழிவிடுகிறது. தரவிலிருந்து விதி காண்பதும், கண்ட விதியைப் புதிய தரவில் சோதிப்பதும் இரு துறைகளுக்கும் பொதுவான பணிகள்.

அகராதியும் பேச்சும்

மனித உடலின் உயிரணுக்களுள் மிகப் பெரும்பாலானவை ஒரே டி.என்.ஏ.வைக் கொண்டவை. புரதங்களை ஆக்குவதற்குரிய குறிப்பைத் தாங்கிய மரபணுக்கள் அதில் ஏறத்தாழ 20,000 உள்ளன. கணையத்தின் உயிரணுவிலும் கண்ணின் உயிரணுவிலும் இன்சுலினுக்குரிய மரபணு உண்டு. ஆயினும் கணையத்திலுள்ள பீட்டா உயிரணுக்களே அதனைப் பயன்படுத்தி இன்சுலினை ஆக்கி இரத்தத்தில் செலுத்துகின்றன.

மொழியோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். ஒரே அகராதி ஆசிரியர் வீட்டிலும் மருத்துவர் வீட்டிலும் மீனவர் வீட்டிலும் இருக்கலாம். ஒரு நாள் முழுவதும் அவர்கள் பேசுவதைப் பதிவு செய்து, எந்தச் சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ணினால், அகராதி ஒன்றாயினும் பேச்சு வேறுபடுவதைக் காணலாம். டி.என்.ஏ.வை அகராதியாகக் கொண்டால், மரபணு வெளிப்பாடு என்பது அவ்வுயிரணு அந்நேரத்தில் பேசும் பேச்சின் சொல்லெண்ணிக்கையாகும். புற்றுநோயில் அகராதியிலேயே சில பிழைகள் நேர்ந்துவிடுகின்றன. அவற்றின் விளைவு பேச்சிலும் தெரிகிறது.

உயிரணு ஒரு மரபணுவைப் பயன்படுத்தும்போது, முதலில் அதனைத் தூது ஆர்.என்.ஏ. என்னும் வடிவில் படியெடுக்கிறது. அப்படிகளை எண்ணினால் மரபணு எவ்வளவு செயற்படுகிறது என்பது தெரியும். இதற்கு முதலில் பயன்பட்ட கருவி நுண்வரிசைச் சில்லு. விரல் அளவுடைய சில்லில் பல்லாயிரம் புள்ளிகள் இருக்கும்; ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மரபணுவுக்குப் பொருந்தும் டி.என்.ஏ. இழைத்துண்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். நோயாளியின் மாதிரியிலிருந்து பெறப்பட்டு ஒளிரும் சாயம் ஏற்றப்பட்ட படிகள் தத்தம் இணையைக் கண்டு ஒட்டிக்கொள்ளும். ஒளி மிகுந்த புள்ளி, மிகுதியாக வெளிப்பட்ட மரபணுவைக் காட்டும். இன்று ஆர்.என்.ஏ. வரிசையைப் படித்தறியும் முறை இச்சில்லின் இடத்தைப் பெரிதும் பெற்றுவிட்டது.

ஆசிரியர்கள் இங்கு ஒரு சொல்லைக் கருத்தில் கொள்ள வேண்டும். வெளிப்பாடு என்றவுடன் மாணவர்க்கு உணர்ச்சி வெளிப்பாடு நினைவுக்கு வரலாம். மறைந்திருந்தது வெளியே தெரிதல் என்று அவர்கள் பொருள் கொள்ளலாம். உயிரியலில் அது ஓர் அளவு. ஒரு மரபணு வெளிப்படுகிறதா என்பதோடு, எவ்வளவு வெளிப்படுகிறது என்பதும் வினாவாகும். அளவு என்னும் கருத்து விளங்கினால்தான் அடுத்து வரும் கணக்கும் விளங்கும்.

தொகுத்தலும் வகைப்படுத்தலும்

இத்துறையின் தொடக்கநிலை ஆய்வுகளுள் புகழ்பெற்றது, டாட் கோலப், எரிக் லேண்டர் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது. தீவிர இரத்தப் புற்றுநோயில் இரு பெரும் வகைகள் உண்டு: லிம்ஃபோபிளாஸ்டிக் வகை, மைலாய்டு வகை. இரண்டுக்கும் மருந்துகள் வேறு. வகையை மாற்றிக் கருதினால் நோயாளி குணமடையும் வாய்ப்புக் குறையும்.

ஆய்வுக்குழு 38 நோயாளிகளின் எலும்பு மஜ்ஜை மாதிரிகளை எடுத்துக்கொண்டது. அவர்களுள் 27 பேர் முதல் வகையினர். 11 பேர் இரண்டாம் வகையினர். ஒவ்வொருவரிடமும் 6,817 மரபணுக்கள் அளக்கப்பட்டன. இரு வகையினரிடையே மிகத் தெளிவாக வேறுபட்ட 50 மரபணுக்களைக் கணினி தேர்ந்தெடுத்தது. புதிய நோயாளி வரும்போது அந்த ஐம்பதும் வாக்களிக்கும். இரு வகைகளையும் நன்கு பிரித்துக் காட்டும் மரபணுவின் வாக்குக்கு எடை மிகுதி. வாக்குகளின் கூட்டுத்தொகை எப்பக்கம் சாய்கிறதோ அதுவே வகை.

இவ்வாறு முன்பே பெயரிடப்பட்ட வகைகளுள் ஒன்றில் புதியவரைச் சேர்ப்பது வகைப்படுத்தல். கோலப் குழுவினர் மற்றொன்றையும் செய்து பார்த்தனர். வகைப் பெயர்களைக் கணினியிடம் சொல்லாமல், ஒத்த மாதிரிகளை இரண்டு குழுக்களாகப் பிரிக்கச் செய்தனர். ஒரு குழுவில் இருந்த 25 பேருள் 24 பேர் லிம்ஃபோபிளாஸ்டிக் வகையினர். மற்றதில் இருந்த 13 பேருள் 10 பேர் மைலாய்டு வகையினர். பெயர் அறியாமலே ஒற்றுமையால் கூட்டம் சேர்ப்பது தொகுத்தல். இலக்கணம் அறியாத மொழி ஒன்றின் சொற்களை ஆராய்பவர், ஒரே சூழலில் வரும் சொற்களை முதலில் ஒன்றுசேர்ப்பதும், பெயர்ச்சொல், வினைச்சொல் என்று அறிந்தபின் புதிய சொல்லை அவற்றுள் சேர்ப்பதும் இத்தகைய இருவேறு செயல்களே. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் குழப்பம் நேரும்.

விரவுப்பெயரும் ஐயமும்

விதியை அமைத்த 38 பேரைக் கொண்டே அவ்விதியைச் சோதிப்பது போதாது. ஆகவே, இக்குழு 34 புதிய மாதிரிகளில் அதனைச் சோதித்தது. அவை வேறுபட்ட சூழல்களிலிருந்து வந்தவை: சில எலும்பு மஜ்ஜையிலிருந்து அல்லாமல் இரத்தத்திலிருந்து எடுக்கப்பட்டவை, மைலாய்டு வகை கண்ட குழந்தைகளின் மாதிரிகளும் அவற்றுள் இருந்தன. 34இல் 29 மாதிரிகளுக்குக் கணினி உறுதியான விடை தந்தது. அந்த 29 விடைகளும் சரியாக இருந்தன. எஞ்சிய ஐந்துக்கு, உறுதியாகச் சொல்ல இயலாது என்று அது விலகிக்கொண்டது.

இவ்விலகலைக் குறையாகக் கருதக் கூடாது. தமிழ் இலக்கணத்தில் விரவுப்பெயர் என்பதொன்று உண்டு. சாத்தன் என்னும் பெயர் மனிதனையும் குறிக்கலாம், எருதையும் குறிக்கலாம். பெயரை மட்டும் கொண்டு திணையை உறுதி செய்ய இயலாது. சாத்தன் வந்தான் என்றால் உயர்திணை. சாத்தன் வந்தது என்றால் அஃறிணை. வினை வரும்வரை காத்திருப்பதே முறை. சான்று போதாத இடத்தில் முடிவை நிறுத்திவைப்பது வகைப்பாட்டு அறிவின் ஒரு பகுதி.

அதே ஆய்வில் ஒரு நோயாளியின் நிலை இதனை நன்கு காட்டுகிறது. அவருக்குத் தீவிர இரத்தப் புற்றுநோய் என்று கருதப்பட்டிருந்தது. மரபணு வெளிப்பாட்டைப் பார்த்தபோது இரு வகைகளுள் எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை. மாறாக, தசைக்குரிய மரபணுக்கள் மிகுதியாக வெளிப்பட்டிருந்தன. மேலும் சோதித்தபோது, அது தசைத்திசு சார்ந்த ராப்டோமயோசார்கோமா என்னும் புற்று என்று தெரியவந்தது; சிகிச்சையும் மாற்றப்பட்டது. இரண்டுள் ஒன்றைக் கட்டாயம் சொல்லியே தீர வேண்டும் என்று விதி அமைந்திருந்தால், இந்தத் தடயம் கவனத்துக்கு வந்திருக்காது.

இத்துறையில் நம் பகுதிக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனையில், லிம்ஃபோபிளாஸ்டிக் புற்று கண்ட 360 குழந்தைகளின் மரபணு வெளிப்பாடு ஆராயப்பட்டு 2002ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. ஒரே பெயருக்குள் அடங்கியிருந்த ஆறு உள்வகைகளை அவ்வாய்வு தெளிவாகப் பிரித்துக் காட்டியது. அதன் முதல் ஆசிரியரான ஆலன் இயோ சிங்கப்பூரில் பணியாற்றும் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர். மலேசியாவும் சிங்கப்பூரும் இணைந்து நடத்திய மா-ஸ்போர் சிகிச்சை ஆய்வுகளிலும் அவர் தலைமைப் பங்கு வகித்தார். குழந்தையின் நோய்க்கு ஏற்பச் சிகிச்சையைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும் என்பதே அவ்வாய்வுகளின் அடிப்படை. அங்கு அளவுகோலாக அமைந்தது, சிகிச்சைக்குப் பின் உடலில் எஞ்சியிருக்கும் நோய் உயிரணுக்களின் அளவு.

தற்செயல் தரும் ஏமாற்றம்

இனி மூன்றாவது வினாவுக்கு வருவோம். நோயாளிகள் சில பத்துப் பேர்; மரபணுக்களோ பல்லாயிரம். இவ்விகிதமே பெரும் இடர். வகுப்பறையில் செய்து பார்க்கக்கூடிய கணக்கு ஒன்றால் இதனை விளக்கலாம்.

பத்து மாணவரைச் சீட்டுக் குலுக்கி ஐவர் ஐவராக இரண்டு அணிகளாகப் பிரியுங்கள். அணிகளுக்கிடையே எந்த இயல்பு வேறுபாடும் இல்லை. இப்போது எண்ணால் விடை வரும் ஒரு வினாவைக் கேளுங்கள்: வீட்டு எண் என்ன? விடைகளை ஏறுவரிசையில் வைத்தால், முதல் ஐந்தும் ஒரே அணியினருடையவையாக அமைவதற்கு வாய்ப்பு எவ்வளவு? பத்துப் பேரிலிருந்து ஐவரைத் தேர்ந்தெடுக்க 252 வழிகள் உள்ளன. அவற்றுள் இரண்டு மட்டுமே அணிகளை முழுமையாகப் பிரிப்பவை. ஆகவே வாய்ப்பு 126இல் ஒன்று. ஒரு வினாவுக்கு இது சிறிது. ஒன்றையொன்று சாராத 6,817 வினாக்களைக் கேட்டால், ஏறத்தாழ 54 வினாக்கள் இரு அணிகளையும் பிழையின்றிப் பிரித்துவிடும்! வீட்டு எண்ணே அணியைத் தீர்மானிக்கிறது என்று அப்போது ஒருவர் அறிவித்தால், அவர் கையில் தரவும் இருக்கும். முழுப் பொருத்தமும் இருக்கும். உண்மை மட்டும் இராது.

இதனை மிகைப்பொருத்தம் என்பர். மொழியிலும் இது நேரும். படித்தான், நடித்தான், குடித்தான், கடித்தான் ஆகிய நான்கு சொற்களை மட்டும் கண்ட ஒருவர், டிகரத்தில் முடியும் வினைகள் இறந்தகாலத்தில் வல்லினம் மிகுந்து வரும் என்று விதி வகுக்கலாம். கண்ட சொற்கள் அனைத்துக்கும் அது பொருந்தும். விடி என்னும் வினை வந்தவுடன் விதி முறிந்துவிடும். பொழுது விடிந்தது என்போமே தவிர விடித்தது என்று எவரும் சொல்வதில்லை. விதி வகுப்பதற்குப் பயன்பட்ட சொற்கள் அவ்விதிக்குச் சான்றாக மாட்டா.

இதற்காகவே ஒருவரை ஒதுக்கி வைத்துச் சோதிக்கும் முறை வந்தது. கோலப் குழுவினர் 38 பேருள் ஒருவரை விலக்கி, எஞ்சிய 37 பேரைக் கொண்டு விதி அமைத்து, விலக்கப்பட்டவரின் வகையைக் கணித்தனர். 38 முறையும் இவ்வாறு செய்தனர். இதிலும் ஒரு நுட்பமான தவறு நேரக்கூடும். மரபணுக்களை எல்லா நோயாளிகளையும் கொண்டு முதலிலேயே தேர்ந்துவிட்டு, அதன்பின் ஒருவரை ஒதுக்கினால், ஒதுக்கப்பட்டவரின் செய்தி தேர்வில் முன்பே கலந்துவிடுகிறது. வினாத்தாளைப் பார்த்த மாணவர் எழுதும் தேர்வைப் போன்றது அது. இப்பிழை எவ்வளவு பொய்யான துல்லியத்தைத் தரும் என்பதை ஆம்புரோய்ஸ், மெக்லாக்லன் ஆகிய இருவர் 2002ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினர்.

எழுபது மரபணுக்கள்

இனி, தொடக்கத்தில் கண்ட மார்பகப் புற்றுநோய்க்குத் திரும்புவோம். நெதர்லாந்துப் புற்றுநோய்க் கழகத்தைச் சார்ந்த லாரா வான்ட் வீரும் உடன் ஆய்வாளர்களும் 2002ஆம் ஆண்டில், நிணநீர்க்கணுவுக்குப் பரவாத நோய் கொண்ட 78 இளவயதுப் பெண்களின் கட்டிகளை ஆராய்ந்தனர். அவர்களுள் 34 பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியது. 44 பேருக்குப் பரவவில்லை. இவ்விரு பிரிவினரையும் பிரிக்கும் 70 மரபணுக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவ்வாண்டே 295 பேரிடம் அச்சோதனை செய்யப்பட்டது. ஆனால் அவர்களுள் சிலர் முதற்குழுவிலும் இருந்தவர்கள். இச்சோதனை மாமாப்ரின்ட் என்னும் பெயரில் 2007ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்தின் அனுமதியைப் பெற்றது.

இதற்கிடையே ஐயங்களும் எழுந்தன. அதே தரவிலிருந்து நோயாளிகளைச் சற்று மாற்றித் தேர்ந்தால், ஏறத்தாழ அதே திறனுடைய வேறு 70 மரபணுக்கள் கிடைக்கின்றன என்று 2005ஆம் ஆண்டில் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் காட்டினர். 2011ஆம் ஆண்டில் டேவிட் வெனெட்டும் உடன் ஆய்வாளர்களும், வெளியிடப்பட்ட 47 மார்பகப் புற்றுநோய் மரபணுப் பட்டியல்களை, கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய பட்டியல்களோடு ஒப்பிட்டனர். 47இல் 28 பட்டியல்கள், அவ்வாறு பொறுக்கியவற்றைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் சிறந்தவை அல்ல என்று தெரிந்தது. உணவுக்குப் பின் சிரிப்பதன் விளைவை ஆராய்ந்தபோது கிடைத்த மரபணுப் பட்டியல்கூட நோயின் போக்கோடு தொடர்புடையதாகத் தோன்றியது! காரணம் இதுவே: வேகமாகப் பெருகும் கட்டியில் உயிரணுப் பிரிவோடு தொடர்புடைய மரபணுக்கள் மிகப் பல ஒருசேர உயர்கின்றன. எந்தப் பட்டியலை எடுத்தாலும் அவற்றுள் சில அகப்பட்டுவிடும். ஆகவே, ஒரு பட்டியல் நோயின் போக்கைக் கணிக்கிறது என்பதனால், அதிலுள்ள மரபணுக்களே நோய்க்குக் காரணம் என்று கொள்ளலாகாது.

அப்படியாயின் எழுபது மரபணுச் சோதனையால் பயனுண்டா? இதற்கு விடை காண, மின்டாக்ட் என்னும் பேராய்வு ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் 6,693 பெண்களிடம் நடத்தப்பட்டது. வழக்கமான மருத்துவ அளவுகோல்கள் இடர் மிகுதி என்று கூற, மரபணுச் சோதனை இடர் குறைவு என்று கூறியவர் 1,550 பேர். இவர்கள் சீட்டுக் குலுக்கியதைப் போன்ற முறையில் இரு பிரிவுகளாக்கப்பட்டு, ஒரு பிரிவினர்க்கு மட்டும் கீமோதெரபி பரிந்துரைக்கப்பட்டது. அது பெறாதவர்களுள் 94.7 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் நோய் பரவாமல் உயிருடன் இருந்தனர் என்று 2016ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இரு பிரிவுகளுக்கும் இடையே கண்ட வேறுபாடு ஏறத்தாழ 1.5 விழுக்காட்டுப் புள்ளிகள் மட்டுமே.

2021ஆம் ஆண்டில் வெளிவந்த எட்டாண்டுக் கணக்கு இதற்கு ஒரு திருத்தம் தந்தது. ஹார்மோன் ஏற்பி உடைய, ஹெர்2 இல்லாத கட்டி கொண்டவர்களுள் 50 வயதைக் கடந்தவர்களிடம் இரு பிரிவுகளுக்கும் வேறுபாடு இல்லை எனலாம். 50 வயதும் அதற்குக் குறைந்தும் உள்ளவர்களிடமோ கீமோதெரபி பெற்றவர்க்கு ஏறத்தாழ 5 விழுக்காட்டுப் புள்ளிகள் நன்மை தென்பட்டது. இடர் குறைவு என்னும் ஒரே வகைப்பெயர் எல்லா வயதினர்க்கும் ஒரே பொருளைத் தரவில்லை.

ஒரு வரி பிறழ்ந்தால்

சோதனை தவறினால் நேரும் இழப்பையும் அறிய வேண்டும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டில், எந்தப் புற்றுநோயாளிக்கு எந்த மருந்து பயன்தரும் என்பதை மரபணு வெளிப்பாட்டைக் கொண்டு கணிக்கலாம் என்று அறிவித்தனர். அடுத்த ஆண்டு முதல் அதனடிப்படையில் நோயாளிகளுக்கு மருந்து தெரிவு செய்யும் ஆய்வுகளும் தொடங்கின. ஹூஸ்டனிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் புள்ளியியலாளர்களான கீத் பாகர்லியும் கெவின் கூம்ஸும் அம்முடிவுகளைத் தாமே கணக்கிட்டுப் பெற முயன்றனர், பெற இயலவில்லை. 2009ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை காரணங்களை விளக்கியது. மரபணுப் பட்டியல் ஒரு வரி இடம்பெயர்ந்திருந்தது. சொல்லடைவு ஒன்றில் பக்க எண்கள் முழுவதும் ஒரு வரி கீழிறங்கிவிட்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் அடுத்த சொல்லின் பக்கம் வருமல்லவா? அதைப் போன்றதே இது. வேறு இடங்களில், மருந்துக்குக் கட்டுப்படுபவை, கட்டுப்படாதவை என்னும் பெயர்கள் தலைகீழாக மாறியிருந்தன. 2010ஆம் ஆண்டில் அந்நோயாளி ஆய்வுகள் நிறுத்தப்பட்டன. கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஆய்வாளர் ஒருவர் பொய்த் தரவுகளைச் சேர்த்திருந்தார் என்று 2015ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வு நேர்மை அலுவலகம் முடிவு கூறியது.

இங்கு இயந்திரம் பழுதாகவில்லை. கொடுத்த அட்டவணையை அது பிழையின்றிக் கணக்கிட்டது. அட்டவணையே தவறாக இருந்தது. தரவையும் நிரலையும் பிறர் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்னும் கோரிக்கை இந்நிகழ்வுக்குப் பின் வலுப்பெற்றது.

நாம் கேட்க வேண்டியவை

கணினி புற்றுநோயை 95 விழுக்காடு சரியாகக் கண்டறிகிறது என்பன போன்ற செய்திகள் இன்று அடிக்கடி வருகின்றன. அவற்றைப் படிக்கும் மாணவர் கேட்க வேண்டிய வினாக்கள் சில உண்டு. விதி அமைக்கப் பயன்பட்டவர் எத்தனை பேர்? அவர்களுள் எவரும் சோதனையில் இடம்பெறாதிருந்தனரா? சோதனைக்கு உள்ளானவர் வேறு மருத்துவமனையையும் வேறு நாட்டையும் சார்ந்தவரா? ஐயத்துக்குரியவரிடம் அவ்விதி என்ன சொல்கிறது? பிறர் அதே தரவைக் கொண்டு அதே முடிவைப் பெற்றனரா? ஐரோப்பியப் பெண்களிடம் கண்ட விதி நம் பகுதியின் மலாய், சீன, இந்தியப் பெண்களுக்கும் அவ்வாறே பொருந்துமா என்பதும் இவ்வினாக்களுள் அடங்கும். இங்குள்ள நோயாளிகளிடம் சோதித்தே அதற்கு விடை காண முடியும்.

இவ்வினாக்களைக் கேட்பதற்கு உயர்கணிதம் வேண்டியதில்லை. மேற்கூறிய பத்து மாணவர் கணக்கு ஒரு பாடவேளையில் முடிந்துவிடும். தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் சேர்ந்து அதனை நடத்தலாம். ஒருவர் சீட்டுகளைக் குலுக்கட்டும். மற்றவர் விடி என்னும் வினையைக் கரும்பலகையில் எழுதட்டும்.